முகப்பு தெரியாத வீடுகள்: சமூக ஊடகங்களில் யாருக்கு எது திறந்திருக்கிறது

கானாடுகாத்தானில் இருக்கும் ஓர் ஆச்சிக்குச் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரன் புதுக் கைப்பேசி அனுப்பியிருந்தார். பழையதில் உள்ளதையெல்லாம் அதற்கு மாற்றித் தரும்படி ஆச்சி என்னைக் கூப்பிட்டிருந்தார். காரைக்குடியிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது, மின்கணக்கு எடுக்க வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முகப்பில் நிலத்தரகர் ஒருவர் ஏதோ பத்திரத்தோடு காத்திருந்தார். என்னை வளவுக்கே, முற்றத்தைச் சுற்றிய உள்பகுதிக்கே, வரச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் இரண்டாங்கட்டுக்கு நான் போனது மூன்று நான்கு முறைதான், அதுவும் சாப்பிட. அடுப்படி இருக்கும் கட்டை இன்றுவரை பார்த்ததில்லை. இங்கே நில், அங்கே போகாதே என்று யாரும் எனக்குச் சொன்னதும் இல்லை.

செட்டிநாட்டு வீட்டின் விசேஷம் அது. முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில். கதவுகளைத் திறந்து வைத்தால் வாசலில் நிற்பவரின் பார்வை முற்றங்களைத் தாண்டிப் பின்கட்டு வரை ஓடும். பார்வைதான் ஓடும், கால் ஓடாது. யார் எதுவரை வரலாம் என்பதை வீட்டின் அமைப்பே சொல்லிவிடும். வந்தவர் யோசிக்க வேண்டியதில்லை. வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒரு சட்டம் போட வேண்டியதில்லை.

ஆச்சியின் பழைய போனைத் திறந்ததும் எனக்குப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. ஏழு வருடம் புழங்கிய போன், ஓர் அமைப்பிலும் கைபடவில்லை. செயலிகளை நிறுவனங்கள் எப்படிக் கொடுத்தனவோ அப்படியே வைத்திருந்தார். யாருக்கு எது தெரிகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரையின் பாதி அந்தத் தாளிலிருந்து வருகிறது.

எந்தச் சமூக ஊடகம் பாதுகாப்பானது என்று ஒப்பிடுகிறவர்கள் எதில் எத்தனை பூட்டு என்று எண்ணுவது வழக்கம். இதில் படத்தை மறைக்கலாம், அதில் செய்தி தானாக அழியும் என்று பட்டியல் நீளும். நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கு வசதியானது. ஏதாவது நடந்துவிட்டால், பூட்டு கொடுத்திருந்தோமே, நீங்கள்தானே போடவில்லை என்று கையை விரித்துவிடலாம். என் கணக்கு வேறு. நாம் எதையும் தொடாமல் விட்டால் கதவு எப்படி நிற்கிறது, திறந்தா, சாத்தியா? ஒரு தளத்தை எடைபோட எனக்கு இந்த ஒரு கேள்வி போதும். பெரும்பாலோர் எதையும் தொடுவதில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

வாட்ஸ்அப்பில் தொடங்குகிறேன், ஆச்சி நாள் முழுவதும் இருப்பது அதில்தான். செய்தியின் உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை அதன் கைபடாத நிலை நல்ல நிலை. 2016 ஏப்ரலிலிருந்து செய்திகளும் அழைப்புகளும் இருமுனைக் குறியாக்கத்தில் போகின்றன. அனுப்புபவரின் போனில் பூட்டப்படுவது பெறுபவரின் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் நிறுவனத்தாலேயே படிக்க முடியாது. ஆச்சிக்குக் குறியாக்கம் என்ற சொல்லே தெரியாது. ஆனாலும் அது அவருக்குக் கிடைத்திருக்கிறது, ஒரு பொத்தானையும் அழுத்தாமல்.

பெட்டிக்குள் இருப்பதை இப்படிப் பூட்டியவர்கள், பெட்டியின் மேலே ஒட்டியதைத் திறந்தே விட்டார்கள். முகப்புப் படம் 'எல்லோருக்கும்'. குழுவில் சேர்க்கும் உரிமையும் 'எல்லோருக்கும்'. குழுவுக்கு ஒரு கட்டுப்பாடு வந்ததே 2019 ஏப்ரலில்தான். வந்தபோதும் அமைப்புகளுக்குள் புகுந்து தேடி எடுத்துப் போட வேண்டிய பூட்டாகவே வந்தது. பங்குச் சந்தையில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருவதாக ஆசை காட்டும் குழுக்களுக்குள் முன்பின் தெரியாதவர்களை இழுத்துப்போடுகிற மோசடிக்காரர்களுக்கு இந்தக் கைபடாத நிலை பெரிய உபகாரம். காப்புப் பிரதியின் கதையும் இதுதான். கூகுள் டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ போகும் பிரதிக்குத் தனிக் குறியாக்கம் 2021 அக்டோபரில் வந்தது. அதை நாமே போய் இயக்க வேண்டும். இயக்காதவர்களின் உரையாடல், பாதையில் இரும்புப் பெட்டியிலும் கிடங்கில் துணிப்பையிலும் இருக்கிறது.

ஸ்டேட்டஸ் கொஞ்சம் மேல். அது 'தொடர்புகளுக்கு' மட்டும் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆச்சியின் தொடர்புகள் யார்? நானூறுக்கு மேல் பெயர்கள். மகன், மருமகள், சம்பந்திகள், பங்காளிகள், கூடவே பால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவர், முகப்பில் உட்கார்ந்திருந்த அதே நிலத்தரகர், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர். இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் சேமித்திருந்தால் போதும், செயலியின் கண்ணில் அவர்கள் உறவு. 'குடும்பத்தோடு பதினைந்து நாள் சிங்கப்பூர்' என்று விமான நிலையப் படத்தோடு ஒரு ஸ்டேட்டஸ் போட்டால், பர்மாத் தேக்குத் தூணும் எனாமல் தூக்குகளும் நிறைந்த வீடு பூட்டிக் கிடக்கிறது என்ற சேதி இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் போகிறது. அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது, தங்கமான மனிதர். வீட்டுக்கு வந்தால் முகப்போடு பேசிவிட்டுப் போகிறவர். செயலிதான் அவரை வளவு தாண்டிக் கூட்டிப் போய் நிறுத்துகிறது.

கட்டுகள் வைத்த வீட்டை இணையத்தில் யாரும் கட்டிப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2011இல் வந்த கூகுள் பிளஸ் அப்படித்தான் கட்டப்பட்டது. குடும்பம், நண்பர், அறிமுகம் என்று வட்டங்கள்; ஒவ்வொரு பதிவுக்கும் எந்த வட்டம் என்று தேர்ந்தெடுக்கலாம். யோசனை அருமை, ஆள்தான் தங்கவில்லை. அது தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. எனக்குப் படும் ஒன்று, வட்டம் பிரிக்கும் வேலையைப் பயனர் தலையில் கட்டியது. மனிதர்களைப் படிவம் நிரப்பி வகை பிரிக்க யாருக்கும் மனம் வராது. நேற்று முகப்பில் நின்றவர் இன்று சம்பந்தி ஆகிவிடுவார், பட்டியலைத் திருத்துவது யார்? 2018இல் அதன் மென்பொருளில் பயனர் விவரங்கள் வெளியே தெரியக்கூடிய ஓட்டை இருந்தது அம்பலமாகி, 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான சேவையை மூடினார்கள். 2018இலேயே இன்ஸ்டாகிராம் 'நெருங்கிய நண்பர்கள்' என்று ஒரே ஒரு உள்கட்டை வைத்தது. பச்சை வளையம் தெரிந்தால் உள்ளே இருக்கிறோம் என்று அர்த்தம். பத்து வட்டம் பிரிக்கச் சோம்பியவர்கள் ஒரு வளையத்தைப் பழகிக்கொண்டார்கள்.

ஃபேஸ்புக்கின் கதையில் நம் நாட்டுக்கு ஓர் இடம் உண்டு. முகப்புப் படத்தைப் பிறர் பதிவிறக்காமல் தடுக்கும் காவல் வசதியை அது 2017இல் முதலில் சோதித்தது இந்தியாவில்தான். பெண்கள் தங்கள் முகத்தைப் போடவே தயங்குகிறார்கள் என்பது தெரிந்து செய்தது. 2020 மே மாதம் ஒட்டுமொத்தப் பக்கத்தையும் பூட்டும் வசதியும் இங்கே வந்தது. ஒரே தட்டலில், நண்பரல்லாதவர்களுக்குப் படங்களும் பதிவுகளும் மறைந்துவிடும். இரண்டும் நல்ல பூட்டுகள், நம் ஊர்க் கவலைக்கென்றே அடித்த பூட்டுகள். அடித்து முடித்து ஆணியில் மாட்டி வைத்தார்கள், வேண்டுபவர் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும் என்று. ஆச்சியின் கணக்கில் இரண்டும் ஆணியிலேயே தொங்கின.

எண் விவகாரத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகக் கவலை இதில்தான். உங்கள் போனில் இருக்கும் எண்களைக் கொடுங்கள், அவர்களில் யார் இங்கே இருக்கிறார்கள் என்று காட்டுகிறோம் என்பது ஏறக்குறைய எல்லாத் தளங்களும் தரும் வசதி. சரி, என் போனில் இருப்பவை உண்மையான தொடர்புகள்தான் என்று தளத்துக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்களை ஒரு கணினி கொடுத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு எண்ணுக்கும் உரியவரின் பெயரைத் தளம் கொடுத்துக்கொண்டே வரும். ஃபேஸ்புக்கில் இப்படித்தான் அள்ளினார்கள். 53 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் 2021 ஏப்ரலில் இணையத்தில் இலவசமாகக் கிடந்தன. பூட்டை யாரும் உடைக்கவில்லை, வாசலில் நின்று கேட்டார்கள், வீடு பதில் சொன்னது. அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 நவம்பரில் 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தபோது சொன்ன குற்றமும் ஏறத்தாழ இதுவே. வடிவமைப்பிலும் கைபடாத நிலையிலும் தனியுரிமையைக் கட்டிவைக்கவில்லை என்பது.

பாடம் படித்திருப்பார்கள் என்றுதான் நினைப்போம். 2025 நவம்பரில் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே முறையை வாட்ஸ்அப்பில் செய்து பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் பத்துக் கோடி எண்களுக்கு மேல் கேட்டும் யாரும் தடுக்கவில்லை. 350 கோடிக் கணக்குகள் இருப்பது உறுதியானது, அதிகம் பேர் இந்தியர்கள். செய்திகள் ஒன்றும் கசியவில்லை, குறியாக்கம் தன் வேலையைச் செய்தது. ஆனால் பாதிக்கு மேற்பட்டோரின் முகப்புப் படம் யாரும் எடுக்கும்படி இருந்தது. அவர்கள் எல்லோரும் உட்கார்ந்து யோசித்து 'எல்லோருக்கும்' என்று தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்களா? ஆய்வாளர்கள் தாங்களே நிறுவனத்திடம் தெரிவித்து, திரட்டியதை அழித்தார்கள். கேள்வியின் வேகத்துக்கு நிறுவனம் கட்டுப்பாடு போட்டது. வேறு யாரும் முன்பே இதைச் செய்திருந்தால் அவர்கள் வந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

எண்ணை மறைத்தே கணக்கு நடத்தலாம் என்று கைபடாத நிலையிலேயே வைத்திருப்பது சிக்னல். 2024 தொடக்கத்தில் பயனர் பெயர் வசதி வந்தது முதல், நம் எண்ணைச் சேமித்து வைத்திராதவருக்கு அது தெரியாது. அதை நடத்துவது லாப நோக்கற்ற அமைப்பு. அமெரிக்க நீதிமன்ற ஆணையோடு விவரம் கேட்டபோது அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும்தான். வைத்திருப்பதே அவ்வளவுதான். வடிவமைப்பில் இதுதான் நல்ல வீடு, சந்தேகமில்லை. ஆனால் ஆச்சியின் பங்காளிகளில் ஒருவர்கூட அந்தத் தெருவில் குடியில்லை. பேச ஆளில்லாத ஊரில் மாளிகை கட்டி என்ன செய்வது?

டெலிகிராமுக்கு ரகசியம் என்று ஒரு பெயர் எப்படியோ ஒட்டிக்கொண்டது. அதன் சாதாரண உரையாடலில் இருமுனைக் குறியாக்கம் கிடையாது. நிறுவனத்தின் கணினிகளில் இருக்கிறது, திறவுகோலும் அவர்களிடமே. 'ரகசிய உரையாடல்' என்று தனியாகத் தொடங்கினால்தான் குறியாக்கம், அதுவும் ஒருவருக்கு ஒருவர் மட்டும். இரண்டு லட்சம் பேர் வரை சேரக்கூடிய அதன் குழுக்களுக்கு அந்த வசதியே இல்லை. ரகசியம் என்று நம்பி அங்கே போகிறவர்கள் வாட்ஸ்அப்பைவிடத் திறந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால், காரைக்குடியில் என் நண்பர்களே என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

எக்ஸ் தளத்தைப் பற்றி ஒரு வரி போதும். 2024 நவம்பரில் அது 'தடை' என்பதன் பொருளையே மாற்றிவிட்டது. நாம் தடுத்தவர் நம்மோடு பேச முடியாதே தவிர, நம் பொதுப் பதிவுகளைப் படித்துக்கொண்டிருக்கலாம்.

பூட்டு மட்டும் பாதுகாப்பு ஆகாது, வாசற்படியின் உயரமும் பாதுகாப்புதான். 2018இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி நாடு முழுவதும் பரவி உயிர்களைக் குடித்தது. நம் மாநிலத்தில் போளூர் அருகே கோயிலுக்குப் போன வழியில் ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்தே கொன்றது. அந்த ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவுக்கு மட்டும் ஒரு மாற்றம் செய்தது. ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் தள்ளிவிட முடியாது. படங்களுக்குப் பக்கத்தில் இருந்த விரைவுப் பொத்தானையும் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஜனவரியில் உலகம் முழுவதும் அதே கட்டுப்பாடு. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டும் என்று இறுக்கினார்கள். அவ்வகைச் செய்திகள் 70 விழுக்காடு குறைந்ததாக நிறுவனமே சொன்னது. யாருடைய செய்தியையும் படிக்காமல் செய்த காரியம் இது. படியைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், ஓடி வந்தவர்கள் நின்று கால் வைக்க வேண்டியதாயிற்று.

படிப்பதா வேண்டாமா என்ற வழக்கின் ஒரு வேர் சென்னையில் இருக்கிறது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த மனு, சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்டது. பேச்சு நகர்ந்து, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா என்பதில் வந்து நின்றது. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் அதைக் கட்டாயமாக்கின. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. குறியாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டுப் போவோம் என்று 2024இல் அங்கே சொல்லவும் செய்தது. முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க எல்லோருடைய கடிதத்திலும் அடையாளம் போட வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மாற்று வழி ஏற்கெனவே செயலிக்குள் இருக்கிறது. ஒருவரைப் பற்றிப் புகார் கொடுத்தால், அவரிடமிருந்து வந்த கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகின்றன. பாதிக்கப்பட்டவரே பெட்டியைத் திறந்து காட்டுகிறார், மற்றவர் பெட்டி மூடியே இருக்கிறது. அந்தரங்கப் படங்களைப் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று முதலில் வகுத்ததும் அதே 2021 விதிகள்தான், 2026இல் அந்தக் கெடுவை இன்னும் குறைத்தார்கள். பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். இதை ஆச்சியின் போனில் 'திருட்டுப் புகார்' என்ற பெயரில் சேமித்துக் கொடுத்தேன்.

பிள்ளைகள் விஷயத்தில் கதவுகள் சாத்தத் தொடங்கியிருக்கின்றன, சட்டத்தின் தள்ளலில். பிரிட்டனில் சிறுவர்களுக்கான வடிவமைப்பு நெறிகள், தனியுரிமையைக் கைபடாத நிலையிலேயே உயர்வாக வைக்கச் சொல்லி, 2021 செப்டம்பரைக் கெடுவாக வைத்தன. அதற்கு முந்தைய மாதங்களில்தான் இன்ஸ்டாகிராம் 16 வயதுக்குட்பட்டோரின் புதிய கணக்குகளை மூடிய கணக்குகளாகத் தொடங்கியது. யூடியூப் 18 வயதுக்குட்பட்டோருக்கு அடுத்தடுத்த காணொளி தானாக ஓடுவதைக் கைபடாத நிலையில் நிறுத்தி வைத்தது. இன்ஸ்டாகிராமின் பதின்வயதுக் கணக்கு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. கணக்கு தானாகவே மூடியிருக்கும், அறிமுகமற்றவர் செய்தி அனுப்ப முடியாது, இரவு பத்து முதல் காலை ஏழு வரை அறிவிப்புகள் வாய் மூடியிருக்கும். 16 வயதுக்குட்பட்டவர் இதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதிக்க வேண்டும். இங்கே பூட்டு போட்டபடி வருகிறது, கழற்றத்தான் மெனக்கெட வேண்டும். இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்கிறது. பெற்றோரின் சம்மதத்தை உறுதிசெய்யச் சொல்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதைத் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முழுதும் நடைமுறைக்கு வர ஒன்றரை வருடம் அவகாசம்.

ஆனால் இதெல்லாம் போனைப் பிடித்திருப்பவரின் வயது சரியாகத் தெரிந்தால்தான். கோடை விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் ஒரு மாதம் ஆச்சியின் போனில்தான் குடியிருந்திருக்கிறார்கள். யூடியூப் இன்னமும் அவருக்கு மட்டைப்பந்து விளையாட்டுக் காணொளிகளையும் பொம்மை பிரிக்கும் படங்களையும் காட்டிக்கொண்டிருக்கிறது. தளத்தின் கணக்கில் எழுபத்தெட்டு வயது ஆச்சி ஒரு பத்து வயதுப் பையன். அந்தப் பத்து வயதுப் பையன் ஆச்சி.

மாற்ற வேண்டியதை மாற்றத் தொடங்கினேன். குழுவில் சேர்க்கும் உரிமை தொடர்புகளுக்கு மட்டும் என்றபோது ஆச்சி தலையாட்டினார். இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் கேட்டபோது, என்னைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுத் தானே போட்டுக்கொண்டார். எனக்கு மகிழ்ச்சி. முகப்புப் படத்தைத் தொட்டதும் பிடிவாதம் வந்துவிட்டது. கொள்ளுப்பேத்தி பட்டுப்பாவாடையோடு வீட்டு முகப்பில் தூணைக் கட்டிப்பிடித்து நிற்கும் படம். "பார்க்கத்தானே தம்பி போட்டிருக்கிறேன்," என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கல்யாணத்துக்குச் சாமான் பரப்பி வைத்து வந்தவர் எல்லோருக்கும் காட்டுகிற ஊர் இது. காட்டுவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதைப் பூட்டிக் கொடுக்கும் உரிமை எனக்கு இல்லை. அந்தப் படத்தை யாரோ எடுத்துப் போய், பேத்திக்கு விபத்து, பணம் அனுப்புங்கள் என்று உங்களுக்கே அனுப்பலாம் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே வழி சொன்னார். முகப்புப் படத்தில் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை உட்கார வைத்தோம். அவரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கொள்ளுப்பேத்தியின் படம் ஸ்டேட்டஸுக்குப் போனது, 'இவர்களுக்கு மட்டும்' என்ற அமைப்பில். நான் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். வீட்டுக்கு வந்தால் எதுவரை வருவார் என்று ஆச்சி ஒரு கணம் யோசிப்பார். சரி என்பார், அல்லது கையை அசைப்பார். நானூற்றுச் சொச்சத்தில் முப்பத்தொரு பேர் தேறினார்கள். எடுத்து வைத்த காபி ஆறிப்போயிருந்தது. நிலத்தரகர் பத்திரத்தோடு இன்னும் முகப்பிலேயே இருந்தார்.